கழிப்பறை இருக்கிறது, பிள்ளைக்கு ஏன் அடிக்கடி வயிற்றுப்போக்கு?

"வீட்டில் கழிப்பறை இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. தினமும் கூட்டித் துடைக்கிறோம். ஆனாலும் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றால் போகிறது. என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்ட மாட்டேன் என்கிறது." குழந்தை மருத்துவர்களிடம் தாய்மார்கள் பலர் சொல்லும் குறை இது. இதைச் சொல்பவர்கள் அசுத்தமாக இருப்பவர்கள் அல்ல. சுத்தத்தைப் பெரிதாக மதிக்கும் குடும்பங்களிலும் இதே நிலை உண்டு.

பார்வைக்குச் சுத்தமாக இருப்பது வேறு, நோய்க்கிருமி குழந்தையின் வாய்க்குப் போகாமல் இருப்பது வேறு. பளபளப்பாகத் துடைத்த தரையிலும் கிருமி இருக்கலாம். தெளிவாகத் தெரியும் குடத்துத் தண்ணீரிலும் இருக்கலாம். கிருமி எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால்தான் அந்த வழியை அடைக்க முடியும். இதற்குப் பாடம் படிக்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சியும் ஸ்ரீரங்கமும் சுற்றியுள்ள கிராமங்களுமே போதும். சுகாதாரத்தில் நாடே திரும்பிப் பார்த்த வெற்றியும் இங்கே நடந்தது. வெறும் கட்டடம் கட்டினால் போதாது என்று காட்டிய அனுபவமும் இங்கேயே கிடைத்தது.

கிருமி வரும் வழிகள்

வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையின் சில வகைகள், குடல் புழுக்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ஒருவருடைய மலத்தில் இருக்கும் கிருமி இன்னொருவருடைய வாய்க்குப் போய்ச் சேருகிறது. கேட்கவே அருவருப்பாக இருந்தாலும் உண்மை இதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு போனாலே நோய் வந்துவிடும்.

இது ஐந்து வழிகளில் நடக்கிறது. முதலாவது கை விரல்கள். இரண்டாவது ஈக்கள். மூன்றாவது தண்ணீர். நான்காவது மண்ணும் தரையும். ஐந்தாவது, இந்த நான்கின் வழியாகவும் கெட்டுப்போகும் உணவு. கழிப்பறை இருந்தால் மலம் மண்ணிலும் தண்ணீரிலும் கலப்பதையும், அதில் ஈ உட்காருவதையும் பெருமளவு தடுக்கலாம். ஆனால் கழுவிவிட்டு வரும் கையை அது சுத்தப்படுத்தாது. சாக்கடையில் கொட்டிய குழந்தையின் மலத்தையும், பக்கத்துத் தெருவில் நிரம்பி வழியும் செப்டிக் டேங்கையும் நம் வீட்டுக் கழிப்பறை தடுக்காது.

பெரியவர்களைவிடக் குழந்தைகளை இது அதிகமாகத் தாக்குவதற்குக் காரணம் உண்டு. தவழும் பிள்ளை தரையில்தான் வாழ்கிறது. கையில் கிடைத்ததை வாயில் வைத்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. பெரியவர் செருப்புப் போட்டு நடக்கும் வாசலில் பிள்ளை உள்ளங்கையை ஊன்றி நகர்கிறது. எதிர்ப்புச் சக்தி அதன் உடலில் இன்னும் முழுதாக வளரவில்லை. உடம்பில் இருக்கும் தண்ணீரின் அளவும் குறைவு. பெரியவரை ஒரு நாள் படுக்க வைக்கும் வயிற்றுப்போக்கு, கைக்குழந்தையைச் சில மணி நேரத்தில் ஆபத்தில் தள்ளிவிடும்.

"பச்சைப்பிள்ளை மலம்தானே!"

நம் வீடுகளில் அதிகமாகப் புழங்கும் ஒரு தவறான எண்ணம் இது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் என்ன கெடுதல் இருக்கிறது என்று நினைக்கிறோம். வாசலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிச் சாக்கடையில் தள்ளிவிடுகிறோம். டயப்பரைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம், அல்லது தெரு முனையில் எறிகிறோம்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வயிற்றுத் தொற்றுகள் அதிகம் வருகின்றன. அதனால் அவர்களுடைய மலத்தில் நோய்க்கிருமிகளும் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ரோட்டா வைரஸ் இதற்கு நல்ல உதாரணம். அந்தக் கிருமி தாக்கிய குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ்கள் வெளியேறுகின்றன. இன்னொரு குழந்தைக்கு நோய் வர அவற்றில் மிகச் சிலவே போதும்.

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் வேலை செய்தவர்கள் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தார்கள். 1987-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட கிராமாலயா என்ற தொண்டு நிறுவனமும் அதோடு இணைந்து பணியாற்றிய அமைப்புகளும், மாநகராட்சியின் பொதுக் கழிப்பறைகளைப் பழுதுபார்த்து அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களின் பொறுப்பில் ஒப்படைக்கும் முயற்சியில் இறங்கின. அதற்கு முன் அந்தக் கழிப்பறைகள் உள்ளே நுழைய முடியாத நிலையில் கிடந்தன. பெண்கள் குழு பொறுப்பேற்ற பிறகு, ஒருமுறை பயன்படுத்த ஒரு சிறு தொகை வசூலித்தார்கள். அந்தப் பணத்திலேயே துப்புரவு, மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் நடத்தினார்கள். மிஞ்சிய பணம் அந்தப் பகுதியின் மற்றத் தேவைகளுக்குப் போனது. 2002-ல் திருச்சியின் கல்மந்தை, திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. இந்தப் பெருமையைப் பெற்ற நாட்டின் முதல் குடிசைப் பகுதி அதுதான்.

பெரியவர்கள் எல்லோரும் கழிப்பறைக்குப் போகத் தொடங்கிய பிறகும் பிள்ளைகள் மட்டும் வாசல் சாக்கடையிலேயே உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டபோது காரணம் புரிந்தது. பெரியவர்களுக்கான பீங்கான் அகலமானது, உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பிள்ளைக்குப் பயம். கதவைச் சாத்தினால் இருட்டு. காலை நேர வரிசையில் பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள். அதனால் பிள்ளைகளுக்கென்றே தனிக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. குறுகலான பீங்கான், கதவு இல்லாத வெளிச்சமான இடம், சுவரில் வண்ணப் படங்கள். பிள்ளைகள் விளையாட்டுப்போல அங்கே வரத் தொடங்கினார்கள்.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. பிளாஸ்டிக்கில் பிள்ளைகளுக்கான சிறு இருக்கை கடைகளில் கிடைக்கிறது. அதில் உட்கார வைத்து, மலத்தைக் கழிப்பறையில் கொட்டி, இருக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் கழிப்பறையிலேயே ஊற்ற வேண்டும். துணியில் போனால் மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டுப் பிறகு துவைக்க வேண்டும். டயப்பர் என்றாலும் மலத்தைக் கழிப்பறையில் தள்ளிய பிறகே சுருட்டி, தாளில் பொதிந்து, துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைக் கையால் பிரிக்கப் போகிறவரும் ஒரு மனிதர்தான், அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும்.

கட்டினால் மட்டும் போதுமா?

இதே திருச்சி மாவட்டத்தின் கிராமங்கள் இன்னொரு பாடத்தையும் தந்தன. 2003 முதல் 2007 வரை சில கிராமங்களில் கழிப்பறை, குடிநீர், சுகாதாரக் கல்வி மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் நடந்தது. அது முடிந்த பிறகு ஆய்வாளர்கள் 25 கிராமங்களை எடுத்துக்கொண்டு, திட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2010-ல் வெளியானது. திட்டம் நடந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகள் தெளிவாகவே கூடியிருந்தன. ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிலும் வளர்ச்சியிலும் இரண்டு வகை ஊர்களுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

அதற்காகக் கழிப்பறையால் பயன் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஊர்களில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே பலர் வெளியே போவதைத் தொடர்ந்தார்கள். கை கழுவும் பழக்கத்திலும் பெரிய மாற்றம் வரவில்லை. ஓர் ஊரில் பாதிப் பேர் கழிப்பறைக்கும் பாதிப் பேர் வயலுக்கும் போனால், ஈக்கும் மழைத் தண்ணீருக்கும் அது யார் வீட்டு மலம் என்று தெரியாது. ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து தன் பிள்ளையை முழுதாகக் காப்பாற்றிவிட முடியாது.

வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்லின. எளிய கழிப்பறையும் கை கழுவும் வசதியும் வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கைக் குறைத்தன. ஆனால் எந்த நாட்டிலும் அவை பிள்ளைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. நல்ல உணவு சேர்ந்தபோதுதான் உயரத்தில் சிறிதளவு முன்னேற்றம் தெரிந்தது. கழிப்பறை, கை, தண்ணீர், உணவு, தெரு ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

சாப்பிட்டும் வளராத பிள்ளை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. மருத்துவ வசதியிலும் சத்துணவிலும் முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் நிலை இது.

சாப்பாடு குறைவது மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நம் குடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்களைப் போன்ற அமைப்புகள் உண்டு. உணவிலிருந்து சத்தை உறிஞ்சுவது அவைதான். அழுக்கான சூழலில் பிள்ளை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிருமிகளை விழுங்கும்போது, வயிற்றுப்போக்கு வராவிட்டாலும் அந்தச் சுவர் வீங்கித் தேய்ந்துபோகிறது. அப்புறம் முட்டையும் பாலும் கொடுத்தாலும் சத்து முழுதாகச் சேராது. உள்ளே போன சத்திலும் ஒரு பகுதி கிருமிகளோடு போராடுவதிலேயே செலவாகிவிடுகிறது. "உடம்பில் ஒட்ட மாட்டேன் என்கிறது" என்று தாய்மார்கள் சொல்வதன் பொருள் பல நேரங்களில் இதுதான்.

குடல் புழுக்களும் இதே வேலையைச் செய்கின்றன. கொக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். ஒரு வயது முதல் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைத் தவறவிடக் கூடாது. மாத்திரை கொடுத்தாலும் செருப்பு போடும் பழக்கம் இல்லாவிட்டால் புழு மீண்டும் வரும்.

கருவில் இருக்கும் காலம் தொடங்கி இரண்டு வயது முடியும்வரை உள்ள சுமார் ஆயிரம் நாட்கள்தான் உடலும் மூளையும் வேகமாக வளரும் காலம். அந்த நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பிறகு முழுதாக ஈடுகட்டுவது கடினம். பள்ளியில் பின்தங்கும் சில பிள்ளைகளின் கதை, அவர்கள் தவழ்ந்த தரையிலேயே தொடங்கியிருக்கலாம்.

குழாயிலிருந்து குடம் வரை

திருச்சிக்குத் தண்ணீர் தருபவை காவிரியும் கொள்ளிடமும். ஆற்று மணலுக்குள் அமைத்த கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. மணலே ஓரளவு வடிகட்டிவிடும். பிறகு குளோரின் கலந்து அனுப்புகிறார்கள்.

பிரச்சினை பெரும்பாலும் வழியில்தான் வருகிறது. நம் ஊர்களில் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் நின்றதும் குழாயின் உள்ளே அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டியோ அதன் ஊடாகவோ போகும் பழைய குழாயில் விரிசல் இருந்தால், வெளியே தேங்கி நிற்கும் அழுக்கு உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் வருவது அந்த அழுக்குதான். அதனால் முதல் சில நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவவும் துடைக்கவும் பயன்படுத்துங்கள். கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் அதைக் குடிக்க வேண்டாம். உடனே மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் அது தற்செயலாக இருக்காது, தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சுத்தமாக வந்த தண்ணீரும் வீட்டில் கெடுகிறது. குடத்துக்குள் சொம்பை விட்டு மொண்டு எடுக்கும்போது விரல்களும் தண்ணீரில் நனைகின்றன. அந்த விரல் சற்றுமுன் பிள்ளையைக் கழுவிய விரலாகவும் இருக்கலாம். குடிநீரை மூடியுள்ள பாத்திரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லையென்றால் நீண்ட கைப்பிடி உள்ள அகப்பையால் எடுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் பாதுகாப்பு. லேசாகச் சூடேறினால் போதாது, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை. தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பால் புட்டியின் ரப்பர் காம்பைச் சுத்தமாகக் கழுவுவது மிகவும் கடினம். மருத்துவர் சொல்லி வேறு பால் கொடுக்க வேண்டி வந்தால் பாலாடையோ சங்கோ பயன்படுத்துங்கள். கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது.

தீவில் ஒரு செப்டிக் டேங்க்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. 1994-ல் திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்தது. இரண்டு பக்கமும் ஆறு இருப்பதால், ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். ஊருக்கு அது பெரும் பாக்கியம். ஆனால் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் செப்டிக் டேங்குக்கு அதுவே சிக்கல்.

பல வீடுகளில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லப்படுவது உண்மையில் அடியில் சிமென்ட் பூசாத ஒரு குழிதான். அதிலிருந்து கழிவுநீர் நேராக மண்ணுக்குள் இறங்கும். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது இரண்டும் கலந்துவிடும். பக்கத்திலேயே அடிபம்போ ஆழ்குழாய்க் கிணறோ இருந்தால், நாம் தள்ளிவிட்டதே நமக்குத் திரும்பி வருகிறது. சரியான செப்டிக் டேங்குக்கு அடியும் சுவரும் கசியாமல் பூசப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அறைகள் வேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீர் தெருச் சாக்கடைக்குப் போகாமல் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அந்தக் குழிக்கும் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி நல்லது. நெருக்கமான தெருக்களில் இது முடியாது. அத்தகைய வீடுகள் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. பாதாளச் சாக்கடை வந்த தெருவில் இணைப்பு வாங்குவதைச் செலவு என்று தள்ளிப்போடாதீர்கள்.

"பத்து வருஷமாக எங்கள் டேங்க் நிரம்பவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல. எங்கோ கசிகிறது என்பதற்கு அது அடையாளம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது லாரி வைத்து எடுக்க வேண்டும். எடுத்த கழிவு ஆற்றங்கரைக்கோ வாய்க்காலுக்கோ போகாமல், மாநகராட்சியின் சுத்திகரிப்பு ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013-ம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்கிறது. உள்ளே இருக்கும் விஷவாயு நொடிகளில் உயிரை எடுத்துவிடும்.

நெரிசல், புகை, கொசு

ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் ஒண்டுக் குடித்தனங்கள் நம் பகுதிகளில் நிறைய உண்டு. பெரிய வீடு எல்லோருக்கும் கைகூடுவதில்லை. ஆனால் அந்த ஓர் அறையிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. சளி, இருமல், காசநோய் ஆகியவை மூடிய அறையில் வேகமாகப் பரவும். ஜன்னலைத் திறந்து வைத்தால் கிருமிகள் காற்றில் கலைந்துபோகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள பெரியவர் பிள்ளைகளோடு ஒட்டிப் படுப்பதைத் தவிர்த்து, உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைப்பதும், சமையல் புகை வெளியேறாமல் தேங்குவதும் குழந்தைகளின் நுரையீரலைப் பலவீனப்படுத்துகின்றன. நிமோனியா வர அது வழி செய்கிறது. கொசுவர்த்திச் சுருளின் புகையும் புகைதான். கொசு வலை அதைவிட நல்லது.

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். அதன் முட்டைகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பிறகு நிரப்பி மூட வேண்டும்.

தண்ணீரும் சோப்பும்

கழிப்பறைக்குப் போனால் தண்ணீரால் சுத்தம் செய்வதும், தொழுகைக்கு முன் ஒளுச் செய்வதும் நம் அன்றாடப் பழக்கம். ஒரு நாளில் இத்தனை முறை கை நனையும் குடும்பங்கள் குறைவு. இந்தப் பழக்கமே ஒரு தவறான நிம்மதியைத் தந்துவிடக் கூடாது. கையால் கழுவியபின் தண்ணீரை மட்டும் ஊற்றினால், நகத்திலும் ரேகையிலும் எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும் கிருமி போகாது. சோப்புப் போட்டுத் தேய்க்கும்போதுதான் அந்தப் பசை விட்டுக் கிருமியும் தண்ணீரோடு போகும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தால் மட்டுமே வயிற்றுப்போக்கைச் சுமார் 30 சதவீதம் குறைக்க முடியும் என்று பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, பிள்ளையைக் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், பிள்ளைக்கு ஊட்டும் முன், சாப்பிடும் முன் என்று ஐந்து வேளைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு அலமாரிக்குள் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். கழிப்பறை வாசலிலும் அடுப்படியிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கையைத் துடைக்கும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கு முந்தானையில் துடைத்தால் கழுவியதே வீண்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வேளை வந்துவிடும். அப்போது உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமி அல்ல. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மகாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அங்கே 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று நம் கையில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதே மருந்துதான்.

ஒரு பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் கரைக்கக் கூடாது, உப்பின் அளவு மாறிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். "வயிற்றைக் காயப் போட வேண்டும்" என்ற பழைய பேச்சு பிள்ளையை இன்னும் பலவீனமாக்கும். இதோடு துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

கண் குழிவிழுந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. 108-ஐ அழையுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பிள்ளையின் அட்டையில் அது பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தெருவின் பொறுப்பு

கல்மந்தையில் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் அந்தத் தெருப் பெண்கள். அவர்களிடம் பெரிய பணமோ பதவியோ இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, கணக்கு எழுதி, முறை வைத்துக் கழுவினார்கள். தங்கள் பிள்ளைகளின் பயத்தைக் கவனித்து, அதற்கேற்ற இடம் அமையக் காரணமாக இருந்தார்கள்.

நம் மஹல்லாக்களில் அதைவிட நல்ல கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு. மக்தப் மதரஸாவுக்கு வரும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற கழிப்பறை இருக்கிறதா, அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. தெருவில் எந்தெந்த வீட்டின் செப்டிக் டேங்க் சாக்கடைக்குள் திறந்திருக்கிறது என்று கண்டறிந்து, வசதி இல்லாத குடும்பத்துக்குச் சரிசெய்ய உதவுவது இரண்டாவது. குடிநீர்க் குழாய் சாக்கடையோடு உரசும் இடங்களைக் குறித்து, தெரு மக்கள் சேர்ந்து கையெழுத்திட்டு மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பது மூன்றாவது. ஒருவர் கொடுக்கும் புகாரைவிட நாற்பது வீடுகளின் கையெழுத்துக்குப் பலம் அதிகம். வாடகைக்கு வீடு விடுபவர்கள், பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை என்று வைத்துவிட்டு மாத வாடகையை மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமா என்றும் யோசிக்க வேண்டும்.

நம் வீட்டுக் கழிவு அண்டை வீட்டுப் பிள்ளையின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. அவர்களும் அதையே செய்தால்தான் நம் பிள்ளையும் நலமாக இருக்கும். இன்று வீட்டில் கழிப்பறை வாசலைப் பாருங்கள். அங்கே பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சோப்பு இல்லையென்றால், முதலில் அதை வையுங்கள்.